சட்டக் கல்லூரியின் வாயிற்படி

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையின் முடிவு வெளிவந்துவிட்டால் நம் நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு மந்திராலோசனை நடப்பது வழக்கமாய்ப் போய்விட்டது. பையன் டாக்டருக்கா, என்ஜினீயருக்கா என்று பேசிப் பார்த்து, இரண்டுக்கும் மார்க்கும் பணமும் எட்டவில்லை என்று ஏற்பட்ட பிறகு, "சரி, வக்கீலுக்காவது படிக்கட்டுமே" என்று யாராவது ஒரு மாமனோ சித்தப்பனோ சொல்லுவார். அந்தக் "காவது" என்கின்ற வார்த்தையைப் பற்றித்தான் நாம் இன்று எழுத வேண்டியிருக்கின்றது.

வக்கீல் படிப்பு என்பது மற்றதெல்லாம் கிடைக்காதவனுக்கு மிச்சம் மீதியாய்க் கிடைக்கின்ற பண்டமா என்று கேட்கின்றோம். நம் வீட்டு வரப்புச் சண்டை முதல், கூலிப் பாக்கி, பெண்ணின் ஜீவனாம்சம், பள்ளிக்கூட இடம், உத்தியோகத்தில் இட ஒதுக்கீடு, இன்னார் கோவிலுக்குள் போகலாமா இன்ன தெருவில் நடக்கலாமா என்பது வரைக்கும் கடைசியாகத் தீர்ந்து போகிற இடம் கோர்ட்டாய் இருக்கின்றது. அந்தக் கோர்ட்டில் மேலே உட்காருகின்றவரும் கீழே நின்று பேசுகின்றவரும் இந்தப் படிப்பைப் படித்தவர்களாகவே இருக்கின்றார்கள். ஆகவே சட்டக் கல்லூரிக்குள் யார் நுழைகின்றார்கள் என்பது ஒரு வீட்டுச் சங்கதியல்ல, ஊர்ச் சங்கதியாகும்.

இதற்குக் கணக்குக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகின்றோம். 2018 முதல் 2022 டிசம்பர் வரை நாடு முழுவதிலும் ஐக்கோர்ட்டுகளுக்கு நியமிக்கப்பட்ட நீதிபதிகள் 537 பேர். அவர்களில் முன்னேறிய வகுப்பார் நூற்றுக்கு ஏறத்தாழ 79, பிற்படுத்தப்பட்டோர் 11, தாழ்த்தப்பட்டோர் 2.8, மலைவாசிகள் 1.3. இது நாம் வயிற்றெரிச்சலால் போட்ட கணக்கல்ல, மத்திய சர்க்காரின் சட்ட இலாகாவே பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் வைத்த கணக்கு. நம் சென்னை ஐக்கோர்ட் ஏற்பட்டது 1862-ல். அதில் தாழ்த்தப்பட்ட வகுப்பார் ஒருவர், ஏ. வரதராஜன் அவர்கள், முதன்முதலாக நீதிபதியாய் உட்கார்ந்தது 1973-ல். நடுவில் 111 வருஷங்கள்! அவரே 1980-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கும் முதல்வராய்ப் போனார்.

இதைச் சொன்னால் உடனே, "நல்ல வக்கீல்களிலிருந்துதானே ஜட்ஜுகளைப் பொறுக்க வேண்டும், உங்கள் வகுப்பில் அப்படிப்பட்ட வக்கீல்கள் போதுமான பேர் இல்லையே, நாங்கள் என்ன செய்வது" என்று ஒரு சமாதானம் வரும். சரி, வக்கீல்கள் ஏன் இல்லை என்றால், சட்டக் கல்லூரியில் சேரவில்லை என்பார்கள். ஏன் சேரவில்லை என்றால், பரீட்சையில் தேறவில்லை என்பார்கள். ஏன் தேறவில்லை என்று கேட்டால்தான் "தகுதி" என்கிற ஒரு வார்த்தையைச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தக் கதவு எப்படிப்பட்டது, அதன் பூட்டு எது, சாவி யாரிடம் இருக்கின்றது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

சென்னைச் சட்டக் கல்லூரி 1891-ல் ஏற்பட்டது. அந்தக் காலத்தில் வாயிற்படி இன்னும் உயரமானது. பெண்பிள்ளை சட்டம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டாலும், கோர்ட்டில் நின்று பேசுவதற்கு அவள் சட்டம் சொல்லும் "ஆள்" அல்ல என்று 1916-ல் கல்கத்தா ஐக்கோர்ட்டும், 1921-ல் பாட்னா ஐக்கோர்ட்டும் சொல்லிவிட்டன. படித்துத் தேறியவளை ஆளே அல்ல என்று தீர்ப்புச் சொன்னவர்கள் மூடர்களல்லர். பெரிய பெரிய சட்ட நிபுணர்கள். 1923-ல் தனியாக ஒரு சட்டம் செய்த பிறகுதான் பெண்களும் ஆட்களானார்கள். தகுதி என்பது ஆகாயத்திலிருந்து விழுவதல்ல, காலத்துக்குக் காலம் உட்கார்ந்திருப்பவர்கள் எழுதி வைப்பதே என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டியதில்லை.

இது நிற்க, இன்றைய வாயிற்படிக்கு வருவோம்.

நம் நாட்டுப் பையனும் பெண்ணும் பள்ளிக்கூடம் முடித்துச் சட்டம் படிக்க வேண்டுமானால் முக்கியமாக இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக் கழகத்தின் கீழுள்ள அரசினர் சட்டக் கல்லூரிகள். மற்றொன்று, தேசியச் சட்டப் பல்கலைக் கழகங்கள் என்று சொல்லப்படுபவை. பெங்களூரில் 1988-ல் முதல் வகுப்பைத் தொடங்கிய தேசியச் சட்டப் பள்ளியைப் பார்த்து ஒவ்வொரு மாகாணமும் ஒவ்வொன்று கட்டிக்கொண்டது. நம் திருச்சிராப்பள்ளியிலும் 2013 முதல் ஒன்று இருக்கின்றது. இப்போது இருபதுக்கு மேற்பட்டவை சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டு, "கிளாட்" என்று ஒரு பொதுப் பரீட்சை நடத்தி ஆள் எடுக்கின்றன. 2008-ல் இந்தப் பொதுப் பரீட்சை ஏற்படுவதற்கு முன்பு ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனிப் பரீட்சை, தனித்தனிக் கட்டணம், தனித்தனி ரயில் சார்ஜு என்று பையன்கள் ஊர் ஊராய் அலைந்தார்கள். அந்த அலைச்சல் பெரும்பாலும் ஒழிந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. (டில்லியில் உள்ள ஒன்று மாத்திரம் இன்னும் தன் பரீட்சையைத் தனியாகவே வைத்துக்கொண்டிருக்கின்றது. தலைநகரத்தாருக்கு எதிலும் தனி மரியாதை வேண்டும் போலும்!)

இந்தக் கிளாட் வாசலில் முதல் பூட்டு, காலம். மே மாதத்தில் முடிவு வந்த பிறகு "வக்கீலுக்காவது" என்று மாமன் சொல்லுகின்றார் என்றோமே, அந்த வேளையில் இந்தப் பரீட்சை நடந்து முடிந்து ஐந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். 2025-ம் வருஷச் சேர்க்கைக்குப் பரீட்சை நடந்தது 2024 டிசம்பர் 1-ல். 2026-ம் வருஷச் சேர்க்கைக்கு 2025 டிசம்பர் 7-ல். விண்ணப்பம் அதற்கும் சில மாதம் முந்தியே வாங்கப்பட்டுவிடும். அதாவது, பையன் பன்னிரண்டாவது வகுப்பில் அரைப் பரீட்சை எழுதுமுன்பே அவன் வக்கீலாவதா இல்லையா என்பது முடிவாகிவிடுகின்றது. பட்டணத்து வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு இது பத்தாவது வகுப்பிலேயே தெரியும். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்து அரசினர் பள்ளிப் பிள்ளைக்கு எப்போது தெரியும்? பரீட்சை முடிந்த பிறகு பத்திரிகையில் எவனோ முதலாவதாக வந்தான் என்று படம் போடுவார்களே, அப்போதுதான் தெரியும். தெரியாதவனைத் தோற்றவன் கணக்கில்கூடச் சேர்க்க மாட்டார்கள். அவன் எந்தக் கணக்கிலும் வரவே மாட்டான்.

இரண்டாவது பூட்டு, பாஷை. இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். ஒவ்வொரு பகுதியும் சுமார் 450 வார்த்தை கொண்ட நீண்ட நீண்ட இங்கிலீஷ் வாசகங்கள். அதைப் படித்து அதன் கீழுள்ள கேள்விகளுக்கு விடை தரவேண்டும். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மார்க் பிடித்தம். இங்கிலீஷ், நடப்புச் சங்கதிகள், சட்ட வழி யோசனை, தர்க்கம், கொஞ்சம் கணக்கு என்று ஐந்து பிரிவுகள் பெயருக்கு இருந்தாலும் உண்மையில் ஐந்தும் இங்கிலீஷ்தான். தர்க்கத்தை நம் பிள்ளை தமிழில் செய்வான். ஆனால் கேள்வி அவனுக்குப் புரிகிறதற்குள் மணி அடித்துவிடும். வேகமாக இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் யார் என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு பரீட்சை வைத்துவிட்டு, அதற்குச் சட்ட அறிவுப் பரீட்சை என்று பேர் வைத்திருக்கின்றார்கள்.

சட்டப் படிப்பு இங்கிலீஷில்தானே நடக்கின்றது, அப்படியிருக்கப் பரீட்சையைத் தமிழில் வைப்பது எப்படி என்று கேட்கக் கூடும். வைத்தியப் படிப்பும் இங்கிலீஷில்தான் நடக்கின்றது. ஆனால் நீட் பரீட்சையை, அந்தப் பரீட்சையே கூடாதென்பது வேறு விஷயம், தமிழ் உள்பட 13 பாஷைகளில் நடத்துகின்றார்கள். உடம்பிலுள்ள எலும்பையும் நரம்பையும் பற்றித் தமிழில் கேள்வி கேட்க முடியுமானால், ஒப்பந்தத்தையும் திருட்டையும் பற்றித் தமிழில் கேட்க முடியாதா? மேலும், நம் மாகாணத்துக் கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சியும் தீர்ப்பும் தமிழில் இருக்கலாம் என்று 1976-லேயே சட்டம் திருத்தப்பட்டிருக்கின்றது. சாட்சி தமிழில், கட்சிக்காரன் தமிழன், வாக்குமூலம் தமிழில், வக்கீலாகப் போகிறவனைப் பொறுக்குவது மட்டும் இங்கிலீஷில் என்றால் இதன் அர்த்தம் என்ன? மற்ற பாஷைகளிலும் பரீட்சை வேண்டுமென்று டில்லி ஐக்கோர்ட்டில் 2023-ல் ஒரு வழக்கும் போடப்பட்டது. இந்திய பார் கவுன்சிலும் அந்தக் கோரிக்கைக்கு ஆதரவாகவே சொல்லிற்று. கூட்டமைப்பார் நிபுணர் கமிட்டி போட்டிருக்கின்றோம் என்றார்கள். நம் நாட்டில் கமிட்டி என்பது என்னவென்று வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பரீட்சை இன்றளவும் இங்கிலீஷில்தான் நடக்கின்றது.

மூன்றாவது பூட்டு, பணம். பரீட்சை விண்ணப்பத்துக்கு 4,000 ரூபாய். தாழ்த்தப்பட்டோருக்கும் மலைவாசிகளுக்கும் வறுமைக் கோட்டின் கீழ் உள்ளவர்களுக்கும் 3,500. பாருங்கள் அந்தத் தாராளத்தை! ஒரு வேளைச் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கின்ற குடும்பத்திற்கு ஐந்நூறு ரூபாய் தள்ளுபடி. பிற்படுத்தப்பட்டவனுக்கு அதுவும் இல்லை. தேறிவிட்டால், இடம் பங்கிடும் கவுன்சிலிங்கிற்கு 2025-ம் வருஷச் சேர்க்கையில் பொதுப் பிரிவுக்கு 30,000, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000. இது பிறகு பீஸில் கழிக்கப்படும் என்பார்கள். கழிப்பதற்கு முன்பு கையில் இருக்க வேண்டாமா? அப்புறம் வருஷத்துக்கு லட்சக் கணக்கில் பீஸ். இவ்வளவுக்கும் முன்னால் கோச்சிங் என்று ஒரு வியாபாரம் தனியாக நடக்கின்றது. கோவில் வாசலில் தேங்காய்க் கடை இருப்பது போல், எங்கே வாசல் குறுகலாக இருக்கின்றதோ அங்கே தரகன் இருப்பான்.

இவ்வளவு வடிகட்டிப் பொறுக்குகிறவர்களுடைய சொந்தத் தகுதி எப்படி என்பதையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். 2024 டிசம்பரில் நடந்த அந்தப் பரீட்சையில் கூட்டமைப்பார் வெளியிட்ட விடைகளில் தப்பு இருக்கின்றதென்று, பரீட்சை எழுதிய மாணவர் ஒருவர் டில்லி ஐக்கோர்ட்டுக்குப் போனார். டிசம்பர் 20-ந் தேதி நீதிபதி இரண்டு கேள்விகளின் விடை தப்பு என்று சொல்லி, முடிவைத் திருத்தும்படி உத்தரவிட்டார். அதன்மேல் அப்பீல், ஊர் ஊராய் மற்ற வழக்குகள், எல்லாவற்றையும் ஒன்றாய்ச் சேர்த்து 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு, மே 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அதையும் மாற்றிச் சொன்ன தீர்ப்பு என்று ஐந்து மாதம் போயிற்று. சட்டக் கல்லூரியில் காலடி வைப்பதற்கு முன்பே பிள்ளைகள் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் படி ஏறிவிட்டார்கள்! கேள்வி போட்ட பேராசிரியருக்கு விடை தெரியவில்லை. எழுதிய பிள்ளைக்குத் தெரிந்திருக்கின்றது. கேள்வி போட்டவர் தகுதியுடையவர், தப்பு விடையால் ஒரு மார்க் குறைந்து போன பிள்ளை தகுதியற்றவன் என்றால், இந்தத் தகுதிக்கு நாம் எவ்வளவு மரியாதை கொடுப்பது என்பதை வாசகர்களே சொல்லட்டும். ஹால் டிக்கெட்டைச் சாமி படத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போன ஆயிரக்கணக்கான பேர்களில் யாருக்காவது எந்தச் சாமியாவது அந்த விடை தப்பென்று காதில் சொல்லிற்றா? இல்லை. ஒருவன் தன் புத்தியை நம்பிக் கேள்வி கேட்டான். கேட்டதற்குப் பலன் கிடைத்தது.

அப்படியானால் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கின்றோமா என்றால், இல்லவே இல்லை. கட்டாயம் போகவேண்டும். பொதுப் பணத்திலும் பொது நிலத்திலும் கட்டப்பட்டவைகளை ஒரு சிலருடைய பிள்ளைகளுக்கென்று விட்டுவிட்டு வருவது விரதமல்ல, ஏமாளித்தனம். 2010-ல் ஷம்நாத் பஷீர் என்கின்ற ஒரு சட்டப் பேராசிரியர், இந்தப் பள்ளிகளுக்குள் பெரும்பாலும் பட்டணத்து இங்கிலீஷ் பள்ளிப் பிள்ளைகளே வருகின்றார்கள் என்று கண்டு, ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பழக்கிப் பரீட்சைக்கு அனுப்ப "ஐடியா" என்று ஒரு இயக்கம் நடத்தினார். சட்டம் படிக்கின்ற மாணவர்களே ஊர்ப் பள்ளிகளுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் 2019-ல் இறந்துவிட்டாலும் அது தொடர்ந்து நடக்கின்றது. அப்படித் தேடிப் பிடித்துப் பழக்கினால் அந்தப் பிள்ளைகளும் தேறுகின்றார்கள் என்பதிலிருந்தே, குறை பிள்ளையினிடத்தில் இல்லை, வழி தெரியாமையில் இருக்கின்றதென்று விளங்கவில்லையா?

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். அம்பேத்கர் சட்டப் பல்கலைக் கழகத்தின் ஐந்து வருஷப் படிப்புக்குத் தனிப் பரீட்சை இல்லை. பன்னிரண்டாவது வகுப்பு மார்க்கே கணக்கு. பார் கவுன்சில் 2008-ல் செய்த விதிப்படி பொதுப் பிரிவுக்கு நூற்றுக்கு 45, பிற்படுத்தப்பட்டோருக்கு 42, தாழ்த்தப்பட்டோருக்கும் மலைவாசிகளுக்கும் 40 மார்க் இருந்தால் விண்ணப்பம் போடலாம். இடம் கிடைப்பது போட்டியைப் பொறுத்தது. முடிவு வந்த பிறகு விண்ணப்பம் கேட்பதால் மாமன் சொல்லும் யோசனைக்கும் இங்கே இடமிருக்கின்றது. 69 சதவிகித ஒதுக்கீடு இங்கே உண்டு. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசினர் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2021-ல் செய்த சட்டத்தின்படி 7.5 சதவிகிதம் தனியாக உண்டு. அது என்ஜினீயர் படிப்புக்கு மாத்திரம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். சட்டப் படிப்புக்கும் அது பொருந்தும் என்பதை ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் வகுப்பில் சொல்ல வேண்டும். பீஸும் ஆயிரக் கணக்கில் அடங்கிவிடுமே தவிர லட்சத்தைத் தொடாது. கல்லூரியும் ஒரு காலத்தைப் போலப் பட்டணத்தில் மாத்திரம் இல்லை. மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம், தர்மபுரி, ராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி என்று பரவியிருக்கின்றது.

அரசினர் கல்லூரியில் படித்தால் மட்டமான வக்கீலாகத்தான் வரலாம் என்று ஒரு புது ஜாதி வித்தியாசம் பேசப்படுகின்றது. நம் ஐக்கோர்ட்டுகளிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் இருந்த தமிழ்நாட்டு நீதிபதிகள் எத்தனையோ பேர் சென்னைச் சட்டக் கல்லூரியில் மாடிப்படி ஏறி இறங்கியவர்களே அல்லாமல் வேறு எங்கிருந்தும் குதித்தவர்களல்லர். கிளாட்டில் இடம் கிடைக்கவில்லை என்று தலையில் கைவைத்து உட்காருகின்ற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுகின்றோம்.

ஆனால் இந்த எளிய வாசலிலும் நம்மவர்கள் தாங்களே தங்கள் காலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு விழுவதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விண்ணப்பம் இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். இராத்திரி இரண்டு மணிக்கும் வாங்கிக்கொள்ளும், அமாவாசையன்றும் வாங்கிக்கொள்ளும், அதற்கு ராகுகாலம் எமகண்டம் தெரியாது. நம்மவர்களோ வளர்பிறை வரட்டும், நல்ல நாள் வரட்டும், குலதெய்வத்துக்கு ஒரு பூஜை போட்டுவிடுவோம் என்று கடைசி வாரம் வரை இருந்துவிட்டு, கடைசி நாள் சாயந்திரம் எல்லோருமாய்ச் சேர்ந்து நெட் சென்டரில் முட்டிக்கொள்ளுகின்றார்கள். அன்றைக்குப் பார்த்து கம்ப்யூட்டர் சுற்றிச் சுற்றி நிற்கும். உடனே, "அவன் ஜாதகத்தில் வக்கீல் யோகம் இல்லை" என்று ஜோசியன் சொல்லுவான். பீஸ் வாங்கி நல்ல நாள் குறித்துக் கொடுத்தவனும் அவனே, யோகமில்லை என்பவனும் அவனே!

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கின்றது. எண் ஜோசியம் என்று ஒரு வியாதி இப்போது பரவியிருக்கின்றது. பேரில் ஒரு எழுத்தைக் கூட்டினால் பிள்ளை ஜட்ஜாகிவிடுவான் என்று எவனோ சொல்ல, தகப்பனார் நடுவில் பேரின் இங்கிலீஷ் எழுத்தை மாற்றிவிடுகின்றார். மார்க் சீட்டில் ஒரு மாதிரி, ஆதார் சீட்டில் வேறு மாதிரி, சாதிச் சான்றில் இன்னொரு மாதிரி என்று ஒரே பிள்ளை மூன்று ஆளாகி நிற்கின்றது. சான்று பார்க்கும் அதிகாரி, இந்த மூன்று பேரில் நீ யாரப்பா என்று கேட்கின்றான். பிறகு தாசில்தார் ஆபீஸ், நோட்டரி, கெஜட் என்று அலைச்சல். அதற்குள் கவுன்சிலிங் தேதி போய்விடும். அதிர்ஷ்டத்துக்காகச் சேர்த்த ஒரு எழுத்து ஒரு வருஷத்தைத் தின்றுவிடுகின்றது. எந்தக் கிரகமும் செய்யாத கெடுதியை இந்த எண்சாஸ்திரி செய்துவிடுகின்றான்.

ஆகவே பெற்றோர்கள் நாள் பார்க்கிற நேரத்தில் சான்று பார்க்க வேண்டும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் பட்டம் வாங்கும் முதல் பிள்ளையானால் முதல் பட்டதாரிச் சான்று, இவைகளை இ-சேவை மையத்தில் ஜனவரி பிப்ரவரியிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பேரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றாயிருக்கின்றதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். இதற்குப் புரோகிதனும் வேண்டாம், தரகனும் வேண்டாம். கண்ணாடி போட்ட தாத்தா ஒருவர் போதும்.

ஏற்கனவே ஒரு பட்டம் வாங்கியவர்களுக்கு மூன்று வருஷப் படிப்பு இருக்கின்றது. வேலையில் இருந்துகொண்டே பட்டம் வாங்கிய நம் தோழர்கள் அநேகர் நாற்பது வயதில் சட்டம் படிக்க ஆசைப்படுவதை நாம் அறிவோம். அவர்கள் பணத்தைக் கட்டுமுன் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு பட்டம் என்று வரிசையாக வந்திருக்க வேண்டும். தபால் மூலம் பட்டம் வாங்கியதில் தவறில்லை. ஆனால் பன்னிரண்டாவது படிக்காமலே திறந்தவெளிப் பல்கலைக் கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்களைப் பார் கவுன்சில் விதி ஏற்பதில்லை. வறுமையால் பள்ளியை விட்டுப் பின்னால் தானே படித்து முன்னேறியவனை இப்படி வெளியே நிறுத்துவது சரியல்ல என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் விதி மாறும் வரைக்கும் தெரியாமல் ஏமாறக் கூடாதல்லவா?

ஏமாற்றுவதற்கென்றே ஒரு கூட்டமும் இருக்கின்றது. வகுப்புக்கு வரவேண்டாம், பரீட்சைக்கு மாத்திரம் வந்தால் போதும், பட்டம் கைக்கு வரும் என்று அண்டை மாகாணத்துக் கல்லூரிகளின் பேரைச் சொல்லிப் பணம் வாங்குகிற தரகர்களைத்தான் சொல்லுகின்றோம். "லெட்டர்பேடு கல்லூரி" என்று இவைகளுக்குப் பேரே ஏற்பட்டுவிட்டது. சேரும் முன்பு அந்தக் கல்லூரியைப் பார் கவுன்சில் அங்கீகரித்திருக்கின்றதா என்று அதன் பட்டியலில் பாருங்கள். அதைப் பார்க்கக் காசு வேண்டாம். பாராமல் விட்டால் வருஷமும் பணமும் போன பிறகு சன்னது இல்லை என்பார்கள்.

சன்னது என்றதும் மற்றொரு விஷயம். வாயிற்படி கல்லூரியோடு முடிந்து போவதில்லை. படித்துத் தேறிய பிறகு வக்கீலாகப் பதிவு செய்வதிலும் ஒன்று வைத்திருந்தார்கள். 1961-ம் வருஷத்து வக்கீல் சட்டப்படி பதிவுக் கட்டணம் மொத்தம் 750 ரூபாய்தான். தாழ்த்தப்பட்டோருக்கும் மலைவாசிகளுக்கும் 125. ஆனால் மாகாணப் பார் கவுன்சில்கள் நூலகம், நலநிதி, பரிசீலனை, அது இது என்று பேர் வைத்து 15,000 முதல் 42,000 வரை வாங்கிக்கொண்டிருந்தன. சட்டத்தைக் காப்பாற்றப் போகின்றவனிடம் சட்டத்துக்கு விரோதமாகப் பணம் வாங்கி உள்ளே விடுவது என்றால் அது எப்பேர்ப்பட்ட வேடிக்கை! 2024 ஜூலை 30-ல் சுப்ரீம் கோர்ட் இதைச் செல்லாது என்று தீர்த்து, சட்டத்தில் உள்ளதற்குமேல் வாங்கக் கூடாதென்று சொல்லிற்று. இந்தக் கட்டணம் ஏழைகளையும் ஒடுக்கப்பட்டவர்களையும் வெளியே நிறுத்துகின்றது என்பதையும் ஒத்துக்கொண்டது. தீர்ப்புக்கு முன்னால் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பாது. இனிமேல் பதிவு செய்கின்றவர்கள் இந்தத் தீர்ப்பின் தேதியை நினைவில் வைத்துக்கொண்டு, வேறு எந்தப் பேரிலாவது அதிகம் கேட்டால் எழுத்தில் கேட்க வேண்டும்.

டாக்டர் அம்பேத்கர் அவர்கள் லண்டனில் கிரேஸ் இன்னில் 1916-ல் சேர்ந்தார். உதவிப் பணத்தின் தவணை முடிந்ததென்று 1917-ல் படிப்பை நடுவில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு வேலை செய்து பணம் சேர்த்து 1920-ல் மறுபடியும் போய் 1922-ல் பாரிஸ்டரானார். அவ்வளவு படித்துத் திரும்பி வந்தவருக்கும் பம்பாயில் சன்னது வாங்கக் கட்டணம் கட்டப் பணமில்லாமல், ஒரு நண்பர் கொடுத்துதான் கட்டினார் என்று அவர் வாழ்க்கையை எழுதினவர்கள் சொல்லுகின்றார்கள். அந்த நண்பர் அன்றைக்கு ஊரில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு நண்பர் அகப்படுவாரா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கிளாட் கூட்டமைப்பார் பரீட்சையைத் தமிழிலும் மற்ற பாஷைகளிலும் வைக்க வேண்டும். வறியவர்களிடம் விண்ணப்பக் கட்டணம் ஒரு காசும் வாங்கக் கூடாது. கேள்விக்கு விடை வெளியிடுமுன் தாங்கள் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். சர்க்கார், என்ஜினீயருக்கும் டாக்டருக்கும் அரசினர் பள்ளிகளில் பழக்குவது போல் சட்டப் படிப்புக்கும் பத்தாவது வகுப்பு முடிந்ததுமே பழக்க வேண்டும். இவையெல்லாம் அவர்கள் செய்ய வேண்டியவை. கேட்டுக்கொண்டே இருப்போம்.

நம் தோழர்கள் செய்யக் கூடியது ஒன்று இருக்கின்றது. ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்திருக்கின்றோம். ஆகஸ்டு மாதத்தில் கிளாட் விண்ணப்பத்தின் கடைசித் தேதியையும், மே மாதத்தில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக் கழகத்தின் தேதியையும் ஒரு கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் வையுங்கள். சட்டக் கல்லூரியில் படிக்கின்ற நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பதினோராவது வகுப்புக்கு ஒரு மணி நேரம் போய் இந்தச் சங்கதியைச் சொல்லட்டும். பெண்பிள்ளைகள் இருக்கின்ற பள்ளிக்கு முதலில் போகட்டும். விண்ணப்பம் போடத் தெரியாத வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்து போட்டுக் கொடுக்கட்டும், ராகுகாலத்திலேயே.